சிறுகதைத் திருமூலர்

சென்னை மாநகருக்கு வடக்கே, திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடந்து சென்றால், கடற்கரை ஓரமாக முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊரைக் காணலாம். கொற்றலையாறு கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்திருப்பதால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது ஆறு கடலை நோக்கி விரைந்து பாயும். மற்றக் காலங்களில், ஓதம் ஏறும் வேளையில் கரையில் நின்று நோக்குவார்க்கு ஒரு புதுமை புலப்படும். கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உட்புகுந்து, ஆற்றை வந்த வழியே திருப்பிக்கொண்டு செல்லும். கடலுக்குப் போகவேண்டிய நீர், நிலத்தை நோக்கி ஓடும். சிறிது பொழுது கழிந்து ஓதம் வடிந்தபின் ஆறு மீண்டும் தன் வழியே செல்லும். ஆற்று நீர் இது, கடல்நீர் இது என அவ்விடத்தில் பிரித்துக் காட்ட எவராலும் இயலாது.

மனித மனத்திலும் இத்தகைய ஓதம் உண்டு. காலம் முன்னோக்கியே செல்கிறது. ஆயினும் மனம் அவ்வாறு செல்வதில்லை. தெருவில் கேட்ட ஒரு பாட்டு, கோயிலில் வீசிய ஒரு மணம், எதிரில் சென்ற ஒருவரின் நடை ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பல ஆண்டுகளுக்கு முன் கழிந்துபோன ஒரு நாள் மேலேறி வந்து இன்றைய நாளோடு கலந்துவிடும். போன இளமையும், கைகூடாமற்போன அன்பும், சொல்லாமல் விட்ட ஒரு சொல்லும் அப்போது உயிர் பெற்று எழும். இவ்வனுபவத்தைப் பாட்டில் பாடிய புலவர் நம் நாட்டில் சங்ககாலம் முதற்கொண்டே உளர். பாரதியாரும் தம் சுயசரிதைப் பாடலில் தமது பிள்ளைப்பருவக் காதலை நினைந்து பாடியிருக்கிறார். ஆனால் அதனை உரைநடையில், சிறுகதை என்னும் புதிய கலைவடிவில், அதற்கு முன் எவரும் செய்திராத முறையில் எழுதிக் காட்டியவர் ஒருவர். அவர் பெயர் மௌனி.

மௌனி என்பது அவருடைய இயற்பெயர் அன்று. எஸ். மணி என்பதே பெற்றோர் வழங்கிய பெயர். அவர் 1907ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த செம்மங்குடியில் பிறந்தார். காவிரியின் கிளைகள் பாய்ந்து வளம் பெருக்கும் நாடு அது. நெல்வயலும் தென்னஞ்சோலையும் ஒருபுறம். கோபுரங்களும் குளங்களும் மற்றொருபுறம். எங்கும் நாகசுர இசை. அந்நாட்டின் மாலைப்பொழுதும் நிலவொளியும் கோயில் மண்டபத்து இருளும் அவர் மனத்தில் இளமையிலேயே பதிந்தன என்பதற்கு அவர் எழுதிய கதைகளே சான்று.

கும்பகோணத்தில் உயர்நிலைப்பள்ளியில் பயின்ற மணி, 1924ஆம் ஆண்டு வரையில் அங்குக் கல்வி கற்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்து, 1929இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். கதை எழுதுவோர் பெரும்பாலும் மொழி பயின்றவராகவோ வரலாறு பயின்றவராகவோ இருப்பர் என்று கருதுவது உலக இயல்பு. இவரோ எண்களோடு பழகியவர். அத்துடன் இசையிலும் தத்துவத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். கணிதம், இசை, தத்துவம் ஆகிய மூன்றும் சொல்லுக்கு எளிதில் அகப்படாதவற்றைப் பற்றியவை. மணியின் மனம் அப்பக்கமே சாய்ந்திருந்தது.

திருமணத்திற்குப் பின்னர் அவர் கும்பகோணத்தில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் கும்பகோணம் கோயில்களுக்கும் வெற்றிலைக்கும் மட்டும் பெயர்பெற்ற நகராக இல்லை. தமிழில் புதுவகைச் சிறுகதைகளை எழுதத் தொடங்கிய ந. பிச்சமூர்த்தி, கு. ப. ராஜகோபாலன் இருவரும் அந்நகரத்தவர். புதிய இலக்கியத்தைப் பற்றிய பேச்சு அங்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆயினும் மணி உடனே எழுதத் தொடங்கிவிடவில்லை. படித்தார், இசை கேட்டார், சிந்தித்தார். அவரை எழுதவைத்தவர் பி. எஸ். ராமையா.

இங்கு மணிக்கொடி என்னும் இதழைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவ்விதழ் 1933ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்றது. கு. சீனிவாசன், வ. ராமஸ்வாமி, டி. எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் அதனைத் தோற்றுவித்தனர். முதலில் அது அரசியலும் சமூகச் சிந்தனையும் கொண்ட இதழாக வெளிவந்தது. இடையில் நின்றும் போயிற்று. 1935இல் அது மீண்டும் தொடங்கியபோது, ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே அமைந்த இதழாக மாறியது. புதுமைப்பித்தன், பிச்சமூர்த்தி, ராஜகோபாலன், சி. சு. செல்லப்பா முதலியோர் அதில் எழுதினர். எழுதியவர்க்குப் பொருள் கிடைக்கவில்லை. இதழை நடத்தியவர்க்கும் இழப்பே மிகுந்தது. ஆனால் தமிழ்ச் சிறுகதை அந்தச் சில ஆண்டுகளில் பெற்ற வளர்ச்சி பெரிது.

ராமையா மணியிடம் ஒளிந்திருந்த ஆற்றலைக் கண்டார். எழுதுமாறு தூண்டினார். எழுதிக் கொடுத்த கதைகளை 1936ஆம் ஆண்டு முதல் மணிக்கொடியில் வெளியிட்டார். மௌனி என்னும் புனைபெயரைச் சூட்டியவரும் அவரே. பெயர் வைப்பதில் சிலர்க்கு ஒரு தனித்திறன் அமைந்துவிடுகிறது. பேசாதிருப்பவன் என்னும் பொருள்தரும் இப்பெயர், இவ்வெழுத்தாளருக்குப் பொருந்தியதுபோல் வேறெவருக்கும் பொருந்தியிருக்க முடியாது. தம் வாழ்நாள் முழுவதும் அவர் எழுதியவை இருபத்துநான்கு சிறுகதைகளும் இரண்டு கட்டுரைகளுமே ஆகும்.

அவர் கதைகளின் தனித்தன்மையை உணர வேண்டுமாயின், அவருக்கு முன்னிருந்த நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். வ. வே. சு. ஐயர் 1915இல் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' என்னும் கதையைத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பலர் கூறுவர். அதில் ஒரு மரம் தன் நிழலில் விளையாடிய ருக்மிணி என்னும் பெண்ணின் துயர வாழ்வை நினைந்து கூறுகிறது. அங்கும் பழைய நினைவு உண்டு. இழந்த இளமை உண்டு. முறிந்த அன்பும் உண்டு. ஆனால் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் சொல்லப்படுகின்றன. செல்வம் அழிந்தது, உறவு கெட்டது, பெண் குளத்தில் உயிர்விட்டாள் என்று கதை வளர்கிறது. மௌனியின் கதைகளிலோ வெளியில் நிகழ்வது மிகக் குறைவு. ஒருவன் சன்னலருகே அமர்ந்திருப்பான், ஒருவன் சாலையில் நடப்பான், அவ்வளவே. கதை முழுவதும் மனத்துள் நிகழும். கடந்த காலமும் நிகழ்காலமும் அங்கு வரிசையாக நில்லாமல் ஒன்றினுள் ஒன்று புகுந்து நிற்கும்.

அவர் எழுதிய 'ஏன்?' என்னும் கதை பள்ளி மாணவர் இருவரைப் பற்றியது. மாதவன் என்னும் சிறுவனும் சுசீலா என்னும் சிறுமியும் ஒரே பள்ளியில் பயில்கின்றனர். ஒருநாள் பள்ளி விட்டு வீடு திரும்பும்போது, இருவரும் ஒன்றாகச் செல்லலாமே என்று மாதவன் அவளிடம் கூறுகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அப்பார்வை அவனை ஏன் என்று கேட்பதுபோல் இருக்கிறது. அந்த நிகழ்ச்சி அவ்வளவில் முடிந்துபோகிறது. பிறர் கண்ணுக்கு அது ஒரு நிகழ்ச்சியே அன்று, மறுநாளே மறந்துவிடக்கூடியது. ஆனால் மாதவனால் மறக்க இயலவில்லை. அந்தப் பார்வை அவனோடு வளர்கிறது. வயது ஏற ஏற அவ்வினாவும் பெரிதாகிறது. இதை ஏன் செய்தேன் என்று தொடங்கியது, வாழ்வதே ஏன் என்னும் அளவிற்கு விரிகிறது. ஒரு பள்ளிச் சிறுவன் மனத்தில் விழுந்த சிறு விதை, அவன் வாழ்வையே மூடும் மரமாய் வளர்ந்துவிட்டதை மௌனி சில பக்கங்களிற் காட்டிவிடுகிறார்.

இக்கதைகளில் வரும் காதல் பெரும்பாலும் பேசாத காதல். இதற்குக் காரணம் எழுத்தாளரின் கற்பனை மட்டும் அன்று. அக்காலத்துச் சமுதாய நிலையும் ஆகும். மௌனியின் இளமைக்காலத்தில் பெண்களுக்கு மிகச் சிறு வயதிலேயே மணம் முடித்துவிடும் வழக்கம் பரவியிருந்தது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில், அதாவது அவர் பட்டம் பெற்ற அதே ஆண்டில்தான் நிறைவேறியது. பெண்ணின் மணவயது குறைந்தது பதினான்கு என்றும், ஆணுக்குப் பதினெட்டு என்றும் அச்சட்டம் வரையறுத்தது. அத்தகைய காலத்தில், ஒரே தெருவில் வளர்ந்த சிறுவனும் சிறுமியும் சில ஆண்டுகளே ஒருவரையொருவர் காணமுடியும். பின்னர் அவள் வேறோர் ஊருக்கு மருமகளாய்ச் சென்றுவிடுவாள். மீண்டும் காண்பது கோயிலிலோ, திருவிழாக் கூட்டத்திலோ, உறவினர் வீட்டுத் திருமணத்திலோ மட்டுமே. பேச வழியில்லாத இடத்தில் கண்கள் பேசின. மௌனியின் கதைகளில் பார்வை அத்துணை வலிமை பெற்றிருப்பது இதனாலேயே.

அவர் பெயரைச் சொன்னவுடன் எவர்க்கும் நினைவுக்கு வரும் கதை 'அழியாச்சுடர்'. அதில் ஒருவன் தன் நண்பனைக் காணச் செல்கிறான். நண்பன் அறையின் சன்னலருகே அமர்ந்து, வெளியே இலையுதிர்ந்து நிற்கும் ஒரு மரத்தை நோக்கிக்கொண்டிருக்கிறான். பின்பு அவன் தன் உள்ளத்தைத் திறக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் கோயிலில் ஒரு பெண்ணைக் கண்டான். அவள் அப்போது பதின்மூன்று வயதுச் சிறுமி. இறைவன் திருமுன்னர், விளக்கொளியில், அவள் காதில் மட்டும் படுமாறு, அவளுக்காக எதையும் செய்யத் தான் ஆயத்தமாயிருப்பதாகக் கூறிவிட்டான். சொன்னது ஒரு கணம். சொன்னபோது அங்கிருந்த தூணின் யாளியும் அதைக் கேட்டுவிட்டதுபோல் அவனுக்குத் தோன்றியது. பின்னர் ஆண்டுகள் சென்றன. அச்சொல்லை அவன் மறந்திருந்தான் என்றே சொல்லலாம். ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கோயிலில் அவளை மீண்டும் கண்டபோது, சொல் திரும்பி வந்துவிட்டது. அவள் பார்வை அவ்வாக்கை நினைவூட்டியது. இனி என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நண்பன் மறுநாள் சென்று பார்க்கும்போது அவன் அங்கு இல்லை, எங்கோ சென்றுவிட்டான்.

இக்கதையைப் படிப்பவர், அவன் எங்கே சென்றான், அப்பெண் யாவள், அவர்கள் பின்னர்ச் சந்தித்தார்களா என்று கேட்பது இயல்பு. மௌனி இவற்றுள் ஒன்றுக்கும் விடை கூறுவதில்லை. அவர் காட்ட விரும்பியது வேறு. இளமையில் விளையாட்டாகவோ வேகத்திலோ சொல்லிவிட்ட ஒரு சொல், சொன்னவனை விட்டுப் போய்விடுவதில்லை. காத்திருந்து ஒருநாள் கணக்குக் கேட்கிறது. போன இளமை இனிமையானது என்று மட்டும் எண்ணி ஏங்குவது எளிது. பழைய நாளை நினைந்து பெருமூச்செறியும் கதைகள் எம்மொழியிலும் ஏராளம். மௌனியின் கதைகளில் கடந்தகாலம் அவ்வாறு இனிக்கும் பண்டமாக வருவதில்லை. அது அணையாத நெருப்பாக வருகிறது. ஒளியும் தருகிறது; சுடவும் செய்கிறது.

'பிரபஞ்ச கானம்' என்னும் மற்றொரு கதையில் இசை அந்நெருப்பாகிறது. ஒரு சிற்றூருக்கு வந்து தங்கிய ஒருவன் அங்கு ஒரு பெண்ணைக் காண்கிறான். பாடும் வரம் பெற்றவள் அவள். ஆனால் அவள் இதயம் வலிமை அற்றது. பாடலாகாது என்று மருத்துவர் தடுத்துவிட்டனர். உலகில் நிறைந்திருக்க வேண்டிய இசையெல்லாம் அவளுள் அடைபட்டுக் கிடக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆறும் மரமும் வானும் இசையிழந்து வெறுமையாய் நிற்கின்றன. இறுதியில் அவள் தன் திருமண நாளில் பாடிவிடுகிறாள். பாட்டு முடியும்போது உயிரும் முடிகிறது. அடைபட்ட இசை மீண்டும் உலகெங்கும் பரவுகிறது. இசையை உயிர்மூச்சாகக் கருதிய தஞ்சை மண்ணில் பிறந்த ஒருவராலேயே இத்தகைய கதையை நினைக்க முடியும்.

கடந்தகாலத்தைக் காதலோடு மட்டுமே அவர் இணைத்துப் பார்க்கவில்லை. 'குடும்பத் தேர்' என்னும் கதையில், தாயை இழந்த ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து சிந்திக்கிறார். அவ்வீட்டை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்த அச்சாணி எது என்பது, அது கழன்ற பின்னரே அவருக்குத் தெரிகிறது. மௌனியைக் கடினமானவர் என்று அஞ்சும் மாணவர் இக்கதையை முதலிற் படிக்கலாம்.

மௌனி எழுதத் தொடங்கிய காலத்தில், மேலைநாட்டு எழுத்தாளரும் இதே பொருளைத் தத்தம் வழியில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். பிரெஞ்சு எழுத்தாளர் மார்சல் புருஸ்து, இழந்த காலத்தைத் தேடுவதையே பொருளாகக் கொண்டு ஏழு பகுதிகளாக ஒரு பெரும் நாவலை எழுதினார். 1913 முதல் 1927 வரையில் அது வெளிவந்தது. அது முடியுமுன்னரே, 1922இல், ஆசிரியர் மறைந்தார். தேநீரில் நனைத்த ஒரு சிறு ரொட்டியின் சுவை, அந்நாவலில் ஒருவனுடைய பிள்ளைப்பருவத்து ஊரையே அவன் கண்முன் எழுப்புகிறது. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட கதைத்தொகுதியின் இறுதிக் கதையில், விருந்தொன்றில் கேட்ட பழைய பாட்டு, ஒரு பெண்ணுக்குத் தன்னை விரும்பி இளமையிலேயே இறந்துபோன ஓர் இளைஞனை நினைவூட்டுகிறது. அருகிலிருக்கும் கணவன், தன் மனைவியின் உள்ளத்தில் தான் அறியாத ஒருவன் இத்தனை நாளும் வாழ்ந்திருப்பதை அப்போதுதான் அறிகிறான். பாரிசிலும் தப்ளினிலும் கும்பகோணத்திலும் மனித மனம் ஒன்றாகவே இருந்தது போலும். ஆனால் புருஸ்துக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் தேவைப்பட்டன. மௌனிக்குச் சில பக்கங்கள் போதுமானவையாயின.

அச்சில பக்கங்களை எழுதுவதற்கு அவர் பட்ட பாடு பெரிது. ஒரு கதையைப் பலமுறை திருத்தி எழுதுவது அவர் வழக்கம். எழுதியதை அடிப்பார், மீண்டும் எழுதுவார், நிறைவு தோன்றும் வரையில் வெளியில் விடமாட்டார். அவர் நடை நேராகச் செல்லும் நடை அன்று. சொற்றொடர் வளைந்தும் தயங்கியும் செல்லும். பல கதைகளில் மாந்தர்க்குப் பெயரே இராது. அவன் என்றும் அவள் என்றும் சுட்டி மேலே செல்வார். விரைந்து படிப்பவர்க்கு அவை விளங்கா. அக்காலத்து வாசகருள் பலர் அவற்றைப் புரியாத கதைகள் என்று ஒதுக்கியதில் வியப்பில்லை.

ஒருவர் மட்டும் அவ்வாறு ஒதுக்கவில்லை. அவர் புதுமைப்பித்தன். மௌனியின் போக்குக்கும் அவர் போக்குக்கும் உள்ள தூரம் மிகுதி. புதுமைப்பித்தன் கேலியும் கிண்டலுமாகச் சமுதாயத்தை நேருக்கு நேர் நின்று தாக்கியவர், ஏராளமாக எழுதியவர். அத்தகையவர் மௌனியைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று போற்றினார். திருமூலர் யோகத்தில் அமர்ந்து ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் ஆண்டுகளில் மூவாயிரம் பாடல் அருளினார் என்பது வழிவழி வரும் செய்தி. குறைவாகச் சொல்லி, ஆழமாகச் சொல்லி, எளிதில் பிடிபடாமல் நிற்பவர் என்பதை ஒரே சொல்லில் உணர்த்திவிட்டார் புதுமைப்பித்தன். தம் தொழிலில் தமக்கு இணையாக நிற்கக்கூடிய ஒருவரை இவ்வாறு மனமுவந்து பாராட்டும் பண்பு எழுத்துலகில் அரிது.

மணிக்கொடி நீடிக்கவில்லை. 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் அது மறைந்தது. மௌனியும் ஏறக்குறைய மௌனமானார். குடும்பச் சொத்தையும் தொழிலையும் கவனிக்கும்பொருட்டு அவர் கும்பகோணத்தை விட்டுச் சிதம்பரத்திற்குக் குடிபெயர்ந்தார். அங்கு அரிசி ஆலை நடத்தினார். நெல் வருவதையும் அரிசி போவதையும், வரவையும் செலவையும் பார்க்கும் தொழில் அது. அழியாத சுடரையும் அண்டத்து இசையையும் எழுதிய கை, நெல் மூட்டைக் கணக்கையும் எழுதிற்று. நான்கு ஆண் மக்களும் ஒரு பெண்ணும் அவருக்கு இருந்தனர். பெற்ற பிள்ளைகளை இழக்கும் கொடுந்துயரையும் அவர் தாங்க நேர்ந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அவருடைய கதைகளில் வரும் இளைஞர் பலர், ஒரு பார்வையையோ ஒரு சொல்லையோ தாங்கமாட்டாமல் வாழ்விலிருந்தே விலகிவிடுகின்றனர். சிலர் ஊரை விட்டு அகல்கின்றனர். சிலர் உயிரையே விடுகின்றனர். அவர்களைப் படைத்தவரோ அவ்வாறு செய்யவில்லை. குடும்பத்தைத் தாங்கினார், தொழிலை நடத்தினார், துயரைப் பொறுத்தார், எழுபது வயதைக் கடந்தும் வாழ்ந்தார். கழிந்தவற்றின் வேகத்தில் அடித்துச் செல்லப்படும் ஆபத்தை நன்கு அறிந்திருந்தமையாலேயே, அதனை அவ்வளவு தெளிவாக எழுத அவரால் இயன்றது என்று தோன்றுகிறது.

அவர் கலையில் குறையும் இல்லாமல் இல்லை. அவர் கதைகளில் நினைப்பவன் எப்போதும் ஆண், நினைக்கப்படுபவள் பெண். அவள் கோயிலில் நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், மறைகிறாள். அவள் என்ன நினைத்தாள், அவளுக்கும் அப்படியொரு நினைவு உண்டா என்பதை அறியும் வாய்ப்பு வாசகர்க்குக் கிட்டுவதில்லை. அழியாச்சுடரில் வரும் பெண், அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தகைய வாழ்வு வாழ்ந்தாள் என்பது தனியே எழுதத்தக்க ஒரு கதை. அதனை மௌனி எழுதவில்லை. பெண்ணின் உள்ளத்தை எழுதுவதில் அவர் காலத்துக் கு. ப. ராஜகோபாலனே கைதேர்ந்தவர்.

நினைவையே பொருளாகக் கொண்டு எழுதியவர், மறதிக்கு இரையாகும் நிலையும் வந்தது. அவர் கதைகள் பழைய இதழ்களின் பக்கங்களில் சிதறிக் கிடந்தன. தாள் பழுத்து உதிரத் தொடங்கியிருந்தது. பழைய மணிக்கொடி இதழ்களைப் போற்றி வைத்திருந்தவர் மிகச் சிலரே. அவ்விதழ்கள் அழிந்திருந்தால் கதைகளும் உடனழிந்திருக்கும். இடையில், 1948ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் எம். வி. வெங்கட்ராம் நடத்திய தேனீ என்னும் இதழில் மௌனி மீண்டும் எழுதினார். அவ்விதழும் நெடுநாள் வாழவில்லை.

இந்நிலையில் அவருடைய எழுத்தைக் காப்பாற்ற முன்வந்தவருள் க. நா. சுப்ரமண்யம் முதன்மையானவர். மௌனியைப் பற்றி அவர் மீண்டும் மீண்டும் எழுதினார்; பேசினார்; படிக்கவேண்டும் என்று இளைஞரை வற்புறுத்தினார். 1959ஆம் ஆண்டில் 'அழியாச்சுடர்' என்னும் பெயரோடு மௌனியின் கதைகள் முதன்முதலாக நூல்வடிவம் பெற்றன. முதற்கதை வெளிவந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே முதல் நூல் வந்தது. ஆசிரியர்க்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. அதே ஆண்டில்தான் சி. சு. செல்லப்பா எழுத்து என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழின் வழியே புதிய தலைமுறையொன்று தோன்றி, மணிக்கொடிக் காலத்தைத் திரும்பிப் பார்த்தது. ஈழநாட்டுத் திருகோணமலையிலிருந்து எழுத வந்த தருமு சிவராமு என்னும் இளங்கவிஞர் மௌனியின் எழுத்தில் தோய்ந்தார். 1967இல் 'மௌனி கதைகள்' வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அவரே. மௌனி கதை எழுதத் தொடங்கியபோது பிறந்தேயிராத ஒருவர், அவர் நூலுக்கு முன்னுரை எழுதினார்.

இவ்வாறு தேடி வந்த இளைஞரின் ஊக்கத்தால் மௌனி முதுமையில் மேலும் சில கதைகளை எழுதினார். 1971இல் கசடதபற என்னும் சிற்றிதழில் வெளிவந்த 'தவறு' அவற்றுள் ஒன்று. சிதம்பரத்தில் அவரைக் காணச் சென்ற எழுத்தாளர் பலர். அவர்களுள் சிலர் அவரைப் போற்றினர். சிலர் அவர் எழுத்து மிகையாகப் புகழப்படுகிறது என்று வாதிட்டனர். அவ்வாதம் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

மௌனி 1985ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6ஆம் நாள், தமது எழுபத்தேழாம் வயதில் காலமானார். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1997இல், லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அவர் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரு நூலாக வெளிவரச் செய்தார். அவருடைய எழுத்து முழுவதையும் அச்சிட்டால் ஒரே நூலில் அடங்கிவிடும். அதனைக் கையில் எடுக்கும் மாணவர், பள்ளி விட்டு வீடு திரும்பும் மாதவனையும் சுசீலாவையும் முதலிற் படித்துவிட்டு, பின்னர் அழியாச்சுடருக்குச் செல்வது நல்லது. ஒரே நாளில் இரண்டையும் படித்துவிட முயலவேண்டாம்.